தலைவலி இல்லாத கேஷியர்

அன்புள்ள வளர்மதிக்கு,

உன் இடுப்பு வலி குறைந்ததா? பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். நான் நலம்.

நேற்று குற்றால அருவியில் குளித்து ஈரத்தலையோடு வந்த ஒருவர், எங்கள் ஹோட்டலில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டதும் தலையைப் பிடித்துக்கொண்டு என் கல்லாவுக்கு வந்தார்.

"என்னத்தப் போடுதீரு இதுல?"

கூட்டம் கூடிவிட்டது.

"அருவி தலையில அடிச்சா வலிக்கத்தான் செய்யும்," என்றார் முதலாளி. "எங்க கேஷியர் தெனமும் இங்கதான் திங்காரு. அவருக்கு வலிக்கான்னு கேளும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஃப்ரைடு ரைஸில் போடுகிற சுவை உப்பு சிலருக்குச் சேராமல் தலைவலி வரலாம் என்று தென்காசி டாக்டர் போன வாரம்தான் சொன்னார். அந்தச் சிலரில் நானும் ஒருவன் போலிருக்கிறது. வலிக்கிறது என்று சொன்னால் வேலை போய், சீசன் முடியுமுன்பே பெட்டியோடு தருமபுரிக்கு வரவேண்டியதுதான்.

"இல்லை" என்றேன்.

ஈரத்தலைக்காரர் என் நெற்றியருகே மோந்து பார்த்தார். "அப்ப அந்தத் தைலத்த எனக்குத் தாரும், அண்ணாச்சி."

கூட்டம் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. இனி வாசல் மேசையில், வருகிறவர்கள் பார்க்க, மூன்று வேளையும் நான் சாப்பிட வேண்டுமாம்.

ரசப்பொடி அனுப்பு. கடையில் வாங்காதே, நீ அரைத்ததே வேண்டும். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

மாதப்பன்