பாவாடையோடு நானூறு மீட்டர்

1979 ஏப்ரல் 3

நீச்சல் குளத்தின் தண்ணீரை முழுதும் இறைத்துவிட்டார்கள். அடியில் ஓடு பெயர்ந்திருக்கிறதாம். ஜூன் வரை பழுது பார்ப்பார்களாம். மாலை படகுத்துறையில் போட்டை விட்டு இறங்கியதும், நீச்சல் சொல்லிக்கொடுக்கும் நாணு மாஷ் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரே, மே கடைசியில பெங்களூர்ல நானூறு மீட்டர் செலக்‌ஷன். இவளை நான் எவிடே கொண்டுபோய் நீந்த வைக்கும்?"

இவள் என்றால் என் தம்பி மகள் திரிபுரசுந்தரி. வயது பதினெட்டு. பெங்களூரில் ஜெயித்தால் இந்திய அணியோடு சிங்கப்பூர். தோற்றால் என்ன என்பதைத் தம்பி கல்யாணராமன் போன வாரமே சொல்லிவிட்டான்: "இந்தத் தடவை இல்லேன்னா நிறுத்திக்கட்டும் அக்கா. திருப்பூணித்துறையிலேருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கு." ஏலூர் பாக்டரியில் ராத்திரி ஷிப்டு முடித்து வந்த களைப்பில், கோபம்கூட இல்லாமல் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

எனக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது. சுந்தரியிடம் அதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 6

காயலில் முயன்று பார்த்தாள். மிதக்கும் பாயல் களையும் படகு எண்ணெயும். காது வலியோடு திரும்பினாள்.

ஏப்ரல் 9

எங்கள் சமூக மடத்தின் சாஸ்தா கோவில் குளத்தைக் கேட்கக் கமிட்டி செக்ரட்டரி வெங்கிடாசலம் மாமாவிடம் போனேன்.

"தாராளமாக் குளிக்கட்டுமே. நம்மாத்துப் பொண்ணு, யாரு வேண்டாம்பா?"

"குளிக்க இல்லை மாமா. நீந்த. நீச்சல் உடை போட்டுண்டு."

"அந்தத் துண்டுத் துணியா? சாஸ்தா பார்த்துண்டிருக்கார், கேட்டயா?"

"குளம் அவருக்குப் பின்னாலன்னா இருக்கு?"

"அவர் திரும்ப மாட்டார்ன்னு நீ எழுதித் தருவயா?"

கடைசியில் இப்படி முடிந்தது: பெண்கள் படித்துறை, காலையில் மட்டும், பாவாடை சட்டையோடு.

பாவாடையைக் கட்டிண்டு நீஞ்சினா காலை எப்படி உதைப்பா? கொஞ்சமாவது யோசனை வேண்டாமா இவாளுக்கு? வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பஜாரில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 10

முதல் நாள். குதித்ததும் பாவாடை குடை மாதிரி விரிந்து மேலே வந்தது. பெண் அதற்குள் காணாமல் போனாள். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த சீதாலக்ஷ்மி மாமி சிரித்த சிரிப்பில் புடவையைத் தண்ணீரோடு விட்டுவிட்டாள். சுந்தரி பாவாடைக்குள்ளிருந்து வெளிப்பட்டு, நீந்திப் போய் அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாமிக்கு அந்த நிமிஷத்திலிருந்து நீச்சலில் ஈடுபாடு.

ஏப்ரல் 24

மாஷ் பெண்கள் துறைக்குள் வரக் கூடாது. அதனால் மதிலுக்கு வெளியே சைக்கிள் கேரியரில் ஏறி நின்று கத்துகிறார். உள்ளே நிலவரம் சொல்வது மாமி.

"கை நல்லோணம் நீட்டறாளா?"

"நீட்டறா மாஷே! ஆனா முட்டி மடங்கறது!"

"மடக்கண்டான்னு பறயணும்!"

"ஏண்டி, மடக்காதேங்கறாரே, காதுல விழலையா? தோசை திருப்பற மாதிரியா காலை வீசுவா?"

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. போட்டைத் தவறவிட்டேன். இத்தனை வருஷ வேலையில் இது முதல் தடவை. அடுத்த போட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

மே 12

மாஷின் கடிகாரப்படி இவள் மார்ச்சில் நீந்தியதைவிட ரொம்ப மெதுவு. நனைந்த பாவாடை காலைச் சுற்றுகிறது. இன்று படியில் உட்கார்ந்து அழுதாள். "கல் கட்டின மாதிரி இருக்கு அத்தே." தேற்ற ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. முதுகைத் துடைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து மறுபடி இறங்கினாள்.

மே 27, பெங்களூர்

கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

இவள் நீச்சல் உடையில் குதித்தாள். குதித்த இடத்தில் ஆளைக் காணோம்— எங்கேயோ முன்னால் தலை தெரிகிறது! என்ன கால் அது! கட்டிப்போட்டதை அவிழ்த்து விட்டதுபோல் போனாள். நாற்பத்தொன்பது வயதில் நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று "போடி! போடி!" என்று அலறியிருக்கிறேன். குனிந்ததில் மூக்குக்கண்ணாடி குளத்தில் விழுந்தது. பிறகு எல்லாம் நீலப் புகை. கடைசிச் சுற்றில் யார் முந்தினார்கள் என்று தெரியவே இல்லை. பக்கத்திலிருந்த பஞ்சாபி அம்மாவின் தோளை உலுக்கி ஆங்கிலத்தில் கேட்டேன், இந்தியில் கேட்டேன், தமிழிலும் கேட்டேன். அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் புரிந்தது.

இந்தியா. எங்கள் சுந்தரி இந்தியாவுக்காக நீந்தப் போகிறாள்.

நீரின் தடையைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்துகிறேன். பாவாடை இழுத்த இழுப்பில் இவள் கால் பலப்படும் என்று எனக்குத் தோன்றவில்லையே?

மே 30

வெங்கிடாசலம் மாமா வாசலிலேயே காத்திருந்தார். "பாவாடைன்னு கண்டிஷன் போட்டது யாராக்கும்? அந்த மாஷா?" காபி கொடுத்தேன்.

ஆகஸ்ட் 18

சிங்கப்பூரிலிருந்து டிரங்கால் வரும் என்று மிளகுக் கடைச் சேட்டின் டெலிபோன் பக்கத்தில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மாமியும் மாஷும் மூட்டைகள் மேல். மிளகு நெடியில் மாறி மாறித் தும்மல். மணி அடித்தது.

"அத்தே! ஏழாவது!"

"எத்தனை பேர்ல?"

"எட்டு!"

நான் ஒரு தடவை தும்மினேன்.

"அந்த எட்டாவது பொண்ணுக்கு ஜுரம் அத்தே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே அவளுக்கும். எத்தனை ரூபாய் ஓடியதோ, சிரித்துக்கொண்டே இருந்தோம். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், பெங்களூரைவிட வேகமாக நீந்தினாளாம். வாழ்நாளில் இத்தனை வேகம் போனதே இல்லையாம். "ஃபைனல்ல எல்லாரும் என்னைத் தாண்டிப் போனா அத்தே. என்ன அழகாப் போறா தெரியுமா? நானும் அப்படிப் போகணும்."

வெளியே வந்தேன். சுமை இறக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, "டீச்சரே, எந்தாயி?" என்று முடிவைக் கேட்டார்கள்.

"ஏழு!" என்று கத்தினேன். ஒரே கைதட்டல். எத்தனையில் ஏழு என்று யாரும் கேட்கவில்லை. மாமி வாயைத் திறந்தாள். சேட் நீட்டிய தட்டிலிருந்து ஒரு லட்டைத் திணித்தேன்.

ஆகஸ்ட் 19

கல்யாணராமன் ஷிப்டு முடிந்து நேராக இங்கே வந்தான். காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்:

"சுந்தரியோட பாஸ்போர்ட்டு இன்னும் எத்தனை வருஷத்துக்குச் செல்லும் அக்கா?"