இன்னொரு ஆள்

சதுரங்கப்பட்டினம்
4.10.98

அன்புள்ள இனியன் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. தாமதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்லண்டை எடுத்து மடியில் வைத்தால் இனியன்தான் முதலில் வாயில் வைத்துப் பார்க்கிறான். ஐந்து மாதத்துக்குள் குப்புற விழக் கற்றுக்கொண்டான். மறுபடி மல்லாக்கத் திரும்பத்தான் தெரியவில்லை. விழுந்ததும் நான் ஏதோ தள்ளிவிட்ட மாதிரி என்னைப் பார்த்து அழுகிறான்.

ராவத்பாட்டாவில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்து அங்கே போன மற்றவர்களுக்கெல்லாம் பொங்கலுக்கு லீவு உண்டென்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். உங்களுக்கும் உண்டுதானே?

அத்தையை இங்கே வந்து இருக்கச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முன்னால் ஒரு விஷயம். உங்கள் அறையில் இருக்கும் ஜெபகுமார் எல்லோருடைய கடிதத்தையும் உரக்கப் படித்துக் கேலி செய்வார் என்று நீங்களே எழுதினீர்கள். அதனால் விவரமாக எழுதக் கூச்சமாக இருக்கிறது. எஸ்.டி.டி. பூத்தில் பின்னால் நான்கு பேர் நிற்கும்போது அதைவிடக் கூச்சம்.

நம் வீட்டில் இன்னொரு ஆள் இப்போதைக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன். என் உடம்பு தேறட்டும், இனியன் நடக்கட்டும். ஒரு மூன்று வருடம் போகட்டும். நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. செங்கல்பட்டு டாக்டரம்மாவிடம் போய் இதற்கு என்ன வழி என்று கேட்கலாமென்று இருக்கிறேன். நீங்கள் சரியென்றால்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தயிர் வாங்கிச் சாப்பிடுங்கள்.

தங்கள்
தமிழ்ச்செல்வி

* * *

ராவத்பாட்டா
13.10.98

செல்விக்கு,

நலம். லீவு உண்டு.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மா வருவது பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று ஒரு வரியில் எழுதியிருக்கலாம். மூன்று வருடம் வரக்கூடாது என்று நீ கெடு வைக்கும் அளவுக்கு அவர் உனக்கு என்ன செய்தார்? நினைத்தாலே பயமாக இருக்கிறதாம். மாமியார் வராமலிருக்க வழி கேட்டு டாக்டரிடம் போகிற மருமகளை நான் கேள்விப்பட்டதில்லை.

கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாயே என்றுதான் கேட்டேன். சரி, விடு. இப்போது போக வேண்டாம், செல்விக்கு விருப்பமில்லை, டாக்டரைக் கேட்க வேண்டுமாம் என்று அம்மாவுக்கும் இன்றே எழுதிப் போட்டுவிட்டேன்.

இனியனுக்கு என் முத்தம்.

அருணகிரி

* * *

சதுரங்கப்பட்டினம்
25.10.98

அன்புள்ள இனியன் அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் உங்கள் அம்மாவும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். கடிதத்தைப் பிரித்துப் படித்து, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எழுதியதை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, செய்யூர் பஸ்ஸில் வந்து இறங்கிய அத்தை வாசலிலேயே நிற்கிறார். உள்ளே வரவில்லை. இடுப்பில் கடலை மூட்டை.

"இன்னாமே, நான் வர்றதுக்கு ஒனக்கு டாக்டரு சொல்லணுமா? எனக்கு இன்னா சொறி சிரங்கா கீது?"

தெருவே கேட்டது. கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். வேறு வழியில்லாமல், உங்களுக்கு எழுதக் கூசியதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். நான் வேண்டாம் என்று எழுதியது அத்தையை இல்லை. வயிற்றில் இன்னொரு பிள்ளையை.

இப்போது உங்களுக்கும் நேராகவே எழுதுகிறேன், ஜெபகுமார் படித்தால் படிக்கட்டும். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்த வயிறு இது. இரண்டு வருடமாவது இடைவெளி விட வேண்டும் என்று அன்றைக்கே சொல்லி அனுப்பினார்கள், நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். ஆகஸ்ட் லீவில் வந்தபோது, பால் கொடுக்கிறாயே, ஒன்றும் ஆகாது என்றீர்கள். பி.எஸ்ஸி. படித்த எனக்கும் மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிறகு நான் இன்னும் மாதவிலக்காகித் தலைக்குக் குளிக்கவில்லை. அதனால் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. நீங்கள் ரயிலேறியதிலிருந்து வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுதான் என் பயம்.

அத்தை திட்டுவார் என்றுதான் நினைத்தேன். இடுப்பிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"எங்க வூட்ல நான் நாலாவது பொட்டப்புள்ள. இத்தோட போதும்னு எனக்கு வேண்டான்னு பேரு வச்சாங்க. கேட்டுச்சா? எனக்கப்புறம் இன்னும் ரெண்டு பொண்ணு பொறந்துச்சு. வாயால வேண்டா வேண்டான்னா நின்னுடுமா? கெளம்பு, டாக்டரப் பாக்கலாம்."

அத்தை இங்கேயேதான் இருக்கிறார். உங்கள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. "எழுதனத படிக்கத் தெர்லன்னா இன்னா படிப்பு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தமிழ்ச்செல்வி

* * *

சதுரங்கப்பட்டினம்
8.11.98

அன்புள்ள இனியன் அப்பாவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் செய்தார்கள். ஒன்றும் இல்லை. டாக்டர் ஞானம்பாள் இதைச் சொன்னதும் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் மேஜை மேலிருந்த தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

பால் கொடுத்தால் கரு தங்காது என்பதை நம்பி இருக்கக் கூடாதாம். தலைக்குக் குளிக்காமல் இருக்கும்போதே கருத்தரிக்கலாமாம், இனியனுக்கு ஆறு மாதம் ஆகப்போவதால் இனி இன்னும் கவனம் வேண்டுமாம். எனக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்துப் போனேன். அவரோ ஊர்க்கதை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார். அடிக்கடி தலைவலி வருமா, பிரஷர் உண்டா, மாதவிலக்கில் அதிகம் போகுமா, அடுத்த பிள்ளை எப்போது வேண்டும். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மிகவும் குறைவாக இருக்கிறது.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கருத்தடை மாத்திரை, பிள்ளை பால் குடிக்கும்வரை எனக்கு வேண்டாம் என்றார், பால் குறையலாமாம். கர்ப்பப்பையில் வைக்கிற காப்பர் டி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெள்ளை பிளாஸ்டிக்கில் செம்புக் கம்பி சுற்றி, அடியில் நூல். அத்தை கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இத்தினியோண்டுதானா? இது நெஞ்சுக்கு ஏறிக்கும்னாங்களே எங்க ஊர்ல."

"நெஞ்சுக்குப் போக அதுக்கு வழியே இல்லம்மா. வேணும்னா வச்சுக்கலாம், வேணாம்னா எடுத்துடலாம். எடுத்தப்புறம் புள்ள பொறக்கும். ஆனா இவங்களுக்கு இப்ப வேணாம். மொதல் சில மாசம் உதிரம் அதிகமாப் போகலாம். ரத்தமே இல்லாத உடம்பு, தாங்காது."

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். ரத்தம் ஏறிய பிறகு மறுபடி பார்த்து, காப்பர் டியா வேறா என்று முடிவு செய்யலாமாம். அதுவரைக்கும் என்ன என்று கேட்டேன்.

"அதுவரைக்கும் உங்க கையில இல்ல, அவர் கையில இருக்கு. நிரோத் உறை. ஒவ்வொரு தடவையும். இதுல மறதிக்கு எடமில்ல. ஏம்மா, அவரு வரலையா? முடிவு ரெண்டு பேரோடதாச்சே."

ராஜஸ்தானில் இருக்கிறார் என்றேன். அத்தை சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைச் செய்வீர்களா? எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் பொங்கலுக்கு வருவதை எண்ணி சந்தோஷப்பட வேண்டிய நான், வருவதை எண்ணிப் பயப்படும்படி வைத்துவிடாதீர்கள்.

தமிழ்ச்செல்வி

* * *

ராவத்பாட்டா
2.12.98

அன்புள்ள செல்விக்கு,

பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. உன் கடிதம் ஜெபகுமார் கையில்தான் முதலில் கிடைத்தது. வழக்கம்போல நடுவறையில் நின்று உரக்கப் படிக்க ஆரம்பித்தான். சில வரி தாண்டியதும் நிறுத்திவிட்டான். மடித்து என் தலையணை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மச்சான், எனக்கு பெரியவன் தவழறதுக்குள்ள அடுத்தது தங்கிடுச்சு. நான் ஜோக்கா சொல்லிக்கினு திரிஞ்சேன். அவ இன்னும் எழுந்திருக்கல" என்றான். அவன் மனைவி எப்போதும் படுத்தே இருப்பதாக அவன் கேலியாகச் சொன்னபோதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நீ எழுதிய கடைசி வரிக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். இப்போதும் தெரியவில்லை. அதனால் செய்ததை எழுதுகிறேன். இங்கே டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூச்சமாகத்தான் இருந்தது, பின்னால் எங்கள் ஃபோர்மேன் இருமலுக்கு நின்றார். வாங்கி வைத்துக்கொண்டேன். எப்படி, என்ன என்று அங்கிருந்த டாக்டரிடமும் கேட்டுக்கொண்டேன்.

பொங்கலுக்கு வரும்போது செங்கல்பட்டில் இறங்கி நேராக வீட்டுக்கு வரமாட்டேன். நீ இனியனோடு ஸ்டேஷனுக்கு வந்துவிடு. முதலில் டாக்டரம்மாவிடம் போவோம். என்னைக் கேட்க வேண்டியதை அவர் கேட்கட்டும். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல். தோன்றவே இல்லையென்றாலும் சொல்.

அம்மாவிடம் நான் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
அருணகிரி

* * *

சதுரங்கப்பட்டினம்
10.12.98

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தபோது அத்தை கடலை உரித்துக்கொண்டிருந்தார். "படி" என்றார். படித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனதை விட்டுவிட்டு, ஸ்டேஷனுக்குத் தாவினேன்.

"நடுவுல ஒண்ண முழுங்கனியே, அதப் படி."

எழுத்துத் தெரியாதவருக்கு எப்படித் தெரிந்ததோ. படித்தேன். ஃபோர்மேன் இருமியதுவரை படித்தேன். அத்தை சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கையிலிருந்த கடலையை உரிக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அவன் நைனாவும் நல்ல மனுஷன்தான்" என்றார். "கேட்டிருந்தா செஞ்சிருப்பாரோ இன்னாவோ. எனக்குக் கேக்கலாம்னே தெரியாது."

கொஞ்ச நேரம் கழித்து, மாத்திரை விழுங்கினாயா என்று கேட்டார்.

எந்த வண்டி என்று எழுதுங்கள். டாக்டரம்மாவிடம் மூன்று பேராக வருவோம் என்று சொல்லிவைக்கிறேன். அத்தை வரவில்லையாம், அது நீங்கள் இருவரும் பேச வேண்டியது என்கிறார். பிளாட்பாரத்தில் நிற்பேன். சந்தோஷமாக நிற்பேன்.

உங்கள்
செல்வி