தடிப்பு வந்தது உன்னால் அல்ல, அக்கா

என் உயிரான அக்காவுக்கு,

உன் மகனுக்கு இப்போது ரெண்டு வயசு, வாய் ஓய்வதில்லை. சின்னம்மா என்று முழுதாகச் சொல்ல வராமல் என்னைச் 'சிம்மா' என்கிறான். வீட்டுக்குக் கேபிள் டிவி வந்துவிட்டது. விளம்பரம் ஓடினால்தான் நம் குட்டித் துரைக்குச் சோறு இறங்கும். பிடிவாதம் அப்படியே உன்னுடையது.

ஆனால் நான் சொல்ல வந்தது அவன் முதுகைப் பற்றி. கோடை தொடங்கியதும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. ரத்தம் வரும்வரை சொறிந்தான். வேர்க்குரு என்று பவுடர் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரம்மா அம்மை என்றார். வாசலில் வேப்பிலை செருகி, தாளிக்காமல் சமைத்தேன். காய்ச்சலும் இல்லை, கொப்புளமும் இல்லை, அது என்ன அம்மை? கடைசியில் காணாக்கடி என்றார்கள். எது கடித்தது என்று கண்ணால் காணாததற்கெல்லாம் நம் ஊரில் அந்த ஒரு பெயர்தானே.

அந்தச் சொல்தான் வினையாகிப் போனது. அதைக் கேள்விப்பட்டு அன்னூரிலிருந்து மச்சானின் அக்கா, உன் நங்கையா, பஸ் பிடித்து வந்தார். குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"பூச்சியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. அவதான் வந்து புள்ளையத் தொடறா அம்மணி. பால்குடி மறக்கறதுக்குள்ள போனவ, ஆசை உடுமா? பூசாரிய வரச் சொல்லிப்போட்டேன். வெள்ளிக்கெழம வந்து அவளக் கட்டிப்போட்டாருன்னா அப்புறம் ஊட்டுப் பக்கம் திரும்ப மாட்டா."

எனக்கு வந்ததே கோபம்! "எங்கக்கா என்ன பேயுங்களா? பெத்தவ தொட்டா புள்ளைக்கு அரிக்குமுங்களா?" என்று கத்திவிட்டேன்.

"எனக்கு மட்டும் ஆசையா? புள்ள படற பாட்டப் பாக்க முடியலையே!" என்று அவரும் அழுதார். பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்த மச்சான் எங்களைத் தாண்டிக் குளிக்கப் போய்விட்டார். நீ போனதிலிருந்து அவர் உன் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கல்லு மனுஷன் என்று உள்ளுக்குள் திட்டித் தீர்த்தேன்.

மறுநாளே குழந்தையைத் தோல் டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனேன். மச்சானும் கூட வந்தார். அந்தம்மா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா? அப்படியென்றால் ஒட்டிக்கொள்ளும் சொறியாக இருக்கலாமாம். சோப்பு மாற்றினீர்களா? முட்டை, மீன் புதிதாகக் கொடுத்தீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். வேர்க்குரு கழுத்து மடிப்பில் தெரியுமாம், கொசுக்கடி கைகாலில் தெரியுமாம். இவனுக்கோ முதுகிலும் தொடையின் பின்பக்கமும்தான்.

"எது மேலங்க படுக்கறான்?"

"சேலைத் தொட்டில்லதானுங்க. எங்கக்கா சேலை. ஒண்ணு நனைஞ்சா பீரோவுல இருந்து இன்னொண்ணு எடுத்துக் கட்டுவேனுங்க."

அவர் குழந்தையின் சட்டையை முகர்ந்து பார்த்தார். "அந்துருண்டை வாசம் அடிக்குதே?"

பீரோ என்றாலே அந்த வாசம்தான் என்று இருந்துவிட்டேன். நான் ஒன்றும் போடவில்லையே!

"நாந்தானுங்க போட்டேன்" என்றார் மச்சான். "கரையக் கரைய வாங்கிப் போட்டுட்டே இருப்பனுங்க. அவ சேலையப் பூச்சி அரிச்சுப்போடக் கூடாதுன்னு..."

பூச்சி அரிக்கக் கூடாதென்று போட்டது பிள்ளைக்கு அரித்திருக்கிறது, அக்கா. அந்த மனுஷன் டாக்டர் முன்னாலேயே உட்கார்ந்து அழுதார். நானும்தான்.

"இதேதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். நிறுத்திப் பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா சின்னக் கொழந்தைங்களுக்கு அது மூச்சுக்கும் ஆகாது, ரத்தத்துக்கும் ஆகாது. கிட்டவே வெக்காதீங்க." பூசுவதற்குக் களிம்பும் எழுதிக் கொடுத்தார்.

உருண்டைகளைத் தூக்கி எறிந்தோம். உன் சேலைகளைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். அதுவரை தொட்டிலுக்கு என் சேலை. தடிப்பு வாடத் தொடங்கியது, ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் முழுக்க மறையவில்லை.

"சேலைதான் காரணம்னா நாஞ் சொன்னதும் பாதி சரிதான? எதுக்கும் ஒருக்கா கட்டிப்போடட்டும்" என்று நங்கையா ஒற்றைக் காலில் நின்றார். நான் சண்டைக்குத் தயாராகும் முன்பே மச்சான் எழுந்துவிட்டார்.

"சாந்தாமணிய யாரும் கட்ட வேண்டாம்க்கா. அவ ஊட்டுக்கு அவ வந்தா வந்துட்டுப் போறா."

பூசாரி வர வேண்டாமென்று சொல்ல அவரே எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தார். நங்கையா கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, மாடிக்குப் போய்க் காய்ந்த சேலைகளை மடித்து எடுத்து வந்தார். அவர் மனசு மாறியதா, தம்பிக்குப் பயந்தாரா? எனக்குத் தெரியவில்லை.

இப்போது முதுகு சுத்தமாக இருக்கிறது. மறுபடி எதற்காவது தடிக்கலாம். வெயிலோ, கொசுவோ, ஏதோ ஒரு சாப்பாடோ. தடித்தால் காரணத்தைத் தேடிக்கொண்டு நான் டாக்டரிடம் போவேன். உன் தலையில் யாரும் பழி போட விடமாட்டேன். அம்மா என்றால் பயப்பட வேண்டியவள் என்று உன் மகன் காதில் ஒரு சொல்லும் விழாது. அம்மா தொட்டால் சுகமாகத் தூக்கம் வரும் என்றுதான் அவனை வளர்ப்பேன், சத்தியமாக.

உன் பிள்ளைக்குச் 'சிம்மா'வாகிவிட்ட,
உன் தங்கை மல்லிகா