ஐஸ் பேக்டரியின் சுருதி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இந்த நிமிடம் வரை சுகம்தான், நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. பாப்பாவின் படம் பார்த்தோம், என் மாமியாரை அப்படியே உரித்து வைத்திருக்கிறது, இதை அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் தரையில் கால் பாவாது.

உன் தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது, என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. தெருக்கோடி ஐஸ் பேக்டரியில் மெஷின் ஆப்பரேட்டர், எதிர்வீட்டுச் சித்தப்பா நின்ற அதே இடம். அமோனியா குழாய் வெடித்து அவர் இறந்து, பேக்டரியையும் மூடிய சமயம் நீ ஹாஸ்டலில் இருந்தாய். அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும் நான் தலையணையை எடுத்துக்கொண்டு சித்திக்குத் துணையாகப் படுக்கப் போனேன். அவள் அழக்கூட இல்லை, மெஷின் சத்தம் இல்லாம எப்படிக்கா தூங்குறது என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள், அது ஓடினால் அவர் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம். வேத வசனம் சொன்னேன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு வழி தெரியாமல் வாயை மூடிக்கொண்டு அந்த மெஷின் சுருதியிலேயே முனகினேன், தூங்கிவிட்டாள். அடுத்தடுத்த நாள்களில் அந்த முனகல் ராகமாயிற்று, அவள் கேட்டதே வார்த்தையாயிற்று, சத்தம் ஓய்ந்த வீட்டிலும் நீர் விழித்திருக்கிறீர் என்று. அதைத்தான் இன்று எல்லாச் சபையிலும் பாடுகிறார்கள், துக்க வீடென்றால் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள்.

பேக்டரி கைமாறித் திரும்ப ஓட ஆரம்பித்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச் ஆர்கனில் அந்தப் பாட்டை வாசித்தால் ஜன்னல் வழியே மெஷின் சத்தமும் அடியில் வந்து சேர்ந்துகொள்ளும். இப்போது சேரவில்லையடி. சுருதி இறங்கியிருக்கிறது, நடுநடுவே ஓர் இடறல். சித்தப்பாவும் கடைசி வாரம் மெஷின் இடறுது என்றுதான் சொன்னாராம், சீசன் முடியட்டும் பார்க்கலாம் என்றார்களாம். இப்போதைய மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். டீ வரவழைத்துக் கொடுத்தார், உங்க பாட்டுன்னா எங்க வீட்ல உயிரும்மா, சீசன் முடியட்டும், மெஷினைப் பாத்துடலாம் என்றார். அதே வார்த்தை. உன் தம்பியோ, மெஷினுக்கும் சுருதி சேர்க்கக் கிளம்பிட்டீங்களாம்மா என்று சிரிக்கிறான். வேலை கிடைச்ச பிள்ளையைக் கலைக்காதே என்கிறார் அப்பா. இவர்களோடு முட்டி மோதி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

போன ஞாயிறு சர்ச்சில் பாஸ்டர் ஐயர் அந்தப் பாட்டை அறிவித்ததும் சித்தி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னிக்கு இது வேண்டாங்க்கா என்றாள். வேறு பாட்டு வாசித்தேன். நேற்று சாயங்காலம் தம்பி ஷிப்டுக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நிற்கிறாள், கக்கத்தில் தலையணை. யாரும் கூப்பிடவில்லை.

இந்த வீட்டில் தம்பி காதிலோ அப்பா காதிலோ விழாமல் போன் பேச மூலை இல்லை, அதனால்தான் நாளைக்கு உன் ஊருக்குப் புறப்படும் நர்ஸ் பெண்ணிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் என்னைக் கூப்பிடாதே, அவனைக் கூப்பிடு. அக்கா சொன்னால் கேட்பான், சின்ன வயதிலிருந்தே உன் அதட்டலுக்குத்தான் அடங்குவான். அந்த வேலையை அவன் விட வேண்டும், சித்தியின் தலையணையை நான் அவள் கையிலேயே கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆண்டவர் உன் வீட்டு வாசலைக் காக்கட்டும், பாப்பாவுக்கு என் முத்தம், குளிரில் காதை மூடாமல் வெளியே தூக்கிப் போகாதே. மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன்.

உன் அம்மா