நிற்காமல் போன பஸ்ஸில் நானும் இருந்தேன்

நண்பரே,

காலையில் மூக்குக்கண்ணாடியைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது உம்முடைய புத்தகம் கையில் தட்டுப்பட்டது. பிரவுன் அட்டை, 'கணக்கு, ஒன்பதாம் வகுப்பு' என்று நான் எழுதி ஒட்டிய சீட்டு. உள்ளே இருப்பது கணக்கு அல்ல. அரசியலையும் அறத்தையும் பற்றி வெளிநாட்டு இறையியலாளர் ஒருவர் எழுதியது. பழைய பசை வாசனை இன்னும் இருந்தது. நீர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் நான் அந்த அட்டையைக் கழற்றவில்லை.

அதைப் போட்டது நெருக்கடி நிலைக் காலத்தில். நம் பள்ளியில் நீர் சரித்திரம், நான் கணக்கு. சங்கரன்கோவில் டீக்கடைகளில் ரேடியோ செய்தி தொடங்கினால் பேச்சு நின்றுவிடும். நீர் மட்டும் மதியச் சாப்பாட்டு வேளையில் எனக்கு அந்தப் புத்தகத்தை விளக்குவீர். தனி ஆளாக இருக்கும்போது தப்புச் செய்யக் கூசுகிறவன், 'நாங்கள்' என்று சேர்ந்துவிட்டால் கூசமாட்டான். தன்னை நல்லது என்று நம்புகிற கூட்டத்திடம் அதிகாரம் இருந்தால்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது அவர் வாதம். உதாரணம் கேட்டேன். புளியங்குடி பஸ்ஸைச் சொன்னீர்.

"உள்ள இருக்கவன் ஒவ்வொருத்தனும் பிள்ளைத்தாச்சிக்கு எந்திச்சு இடம் கொடுப்பான் வே. அவனுவளே ஒண்ணாச் சேந்து, வெளிய மழையில நிக்கவங்களப் பாத்து, 'நிப்பாட்டாத, போ போ'ன்னு சத்தம் போடுவானுவ."

ஒரு ஞாயிறு ஆராதனையில் ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கும் முறை உமக்கு வந்தது. வழக்கமாக அவர்களுக்கு ஞானமும் சுகமும் கேட்போம். நீர் நிதானமாக, "ஆளுகிறவர்களுக்குத் தங்கள்மேல் சந்தேகத்தைத் தாரும், ஆண்டவரே. எங்களுக்கும் எங்கள்மேல் சந்தேகத்தைத் தாரும்" என்றீர். கடைசி பெஞ்சில் அறிமுகமில்லாத ஒருவர் இருந்தார். நான் ஆமென் சொல்லாமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

திங்கட்கிழமை உம்மைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்து, சாயங்காலம்வரை உட்கார வைத்து அனுப்பினார்கள். அவர்களுக்கு அது போதுமாயிருந்தது. எங்களுக்குத்தான் போதவில்லை. மறுநாள் ஆசிரியர் அறையில் ஒரு தாள் சுற்றியது. உம் பேச்சுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, உம்மை வேறு பள்ளிக்கு மாற்றுங்கள் என்று மனு. உம் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தவர்தான் முதல் கையெழுத்து. எனக்கு முன்னால் எட்டுப் பேர் போட்டிருந்ததால் ஒன்பதாவதாகப் போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அன்று மாலையே, படிக்கத் தந்திருந்த உம் புத்தகத்துக்குக் கணக்கு அட்டை போட்டு மறைத்தேன்.

குருவிகுளம் பக்கம் மாற்றலாகி நீர் புறப்பட்ட அன்று வழியனுப்ப வந்தேன். கோபமில்லாமல் கேட்டீர்: "என்ன வே, ஒமக்கு உள்ள இடம் கெடச்சுதுல்லா?"

எந்தப் பஸ்ஸைச் சொல்கிறீர் என்று எனக்குத் தெரிந்தது.

இப்போது என் மேஜையில் இன்னொரு மனு கிடக்கிறது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம் நம்மைப்போல் இல்லையாம். காலி செய்யச் சொல்ல வேண்டுமாம். கொண்டுவந்தவர்கள் நல்ல பிள்ளைகள். போன மாதம் நான் வழுக்கி விழுந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். "எல்லாரும் போட்டாச்சு சார், ஒங்க கையெழுத்துதான் பாக்கி" என்றார்கள். கண்ணாடியைத் தேடியது அதற்காகத்தான்.

சாயங்காலம் வருவார்கள். பயமாக இருக்கிறது. அவர்களை விட்டால் எனக்கு மருந்து வாங்கித் தரக்கூட ஆள் இல்லை. ஆனாலும் அந்தப் பிரவுன் அட்டையைக் கிழித்துவிட்டு, உள்ளே வருகிறவர்கள் கண்ணில் படும்படி புத்தகத்தை மனுவின்மேல் வைத்திருக்கிறேன். உம் ஜெபத்தின் இரண்டாம் வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தடவை நான் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொள்கிறேன், வே.