செல்வியின் குப்பி

18 செப்டம்பர் 2007, செவ்வாய்

ஊசி குத்தாமல், எச்சிலை வைத்தே சிறுநீரகக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்க மதுரையிலிருந்து டாக்டர்கள் எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனிக்கு வந்தார்கள். உதவிக்கு நர்ஸ் வேண்டும் என்று என்னை அனுப்பியிருந்தார்கள். ஊசி இல்லை என்றதும் பெண்கள் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள்.

திரி வைக்கும் செல்விக்கு மட்டும் எச்சில் ஊறவில்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"காலையில இருந்து தண்ணி குடிக்கல சிஸ்டர். குடிச்சா ஒண்ணுக்குப் போகணும், போனா வேலை கெட்டுரும்."

உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவர்களைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் குப்பி நிறைந்திருந்தது. பெயரை ஒட்டிப் பெட்டியில் வைத்தேன்.

பெட்டி மதுரைக்குப் போன பிறகுதான், வீட்டுக்குப் போகக் கம்பெனி வேனில் ஏறப்போன அவளுடைய மதினி சொன்னாள்: "அவளுக்கு எங்கன வருது? பாவமேன்னு நான்தான் துப்பிக் குடுத்தேன். உங்களுக்குக் குப்பி நிறையணும், அம்புட்டுத்தானே?"

நாளைக்கே ரத்தப் பரிசோதனைக்கு வா என்று செல்வியிடம் கெஞ்சினேன்.

"தீவாளி சீசன் முடியட்டும் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வேனுக்குள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து மதுரை டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "ஒரு குப்பிதானே, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறேன்" என்றார். யாருடைய குப்பி, அவளுக்கு என்ன என்று கேட்கவில்லை.

ஜெபத்துக்கு உட்கார்ந்தும் மனம் நிற்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? குப்பி காலியாக இருந்தபோதே அவளுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அது நிறையட்டும் என்று காத்திருந்தேன்.