டயர் யார்டில் நாம் போட்ட கையெழுத்து

நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பது. கொசுப்புழு இருநூற்றுப் பதினாறு. கூட்டுப்புழு முப்பத்தொன்று. எண்ணிய இடம் உன் முகம்.

விளங்கும்படி சொல்கிறேன். போன வருடம் நீ செத்தபோது டயர் யார்டு முதலாளி உனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார். பைபாஸ் திருப்பத்தில், பத்துக்கு எட்டு அடி. அதில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். கீழ் மூலையில் அவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். காரியம் முடிந்த பிறகு பேனர் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. இன்று காலை பார்த்தேன். அவருடைய யார்டில் பழைய லாரி டயர்க் குவியலின்மேல் தார்ப்பாய்போல் விரித்துக் கிடந்தது. நடுவில் தொய்ந்து அரை வாளி மழைத்தண்ணீர். பள்ளம் சரியாக உன் நெற்றிக்கும் மோவாய்க்கும் நடுவில். கரண்டியால் அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றி எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். கூட்டுப்புழு எதையும் தின்னாது, மருந்துக்கும் மசியாது, இரண்டே நாளில் பறந்துவிடும். கீழே டயர்களுக்குள்ளும் இதே நிலைதான் இருக்கும். ஆகவே எனக்கும் இரண்டு நாள்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

நாம் இருவரும் ஒரே வருடம் சுகாதார ஆய்வாளர் படிப்பு முடித்தோம். ஒரே வட்டாரத்தில் கொசு ஒழிப்பு வேலைக்கும் வந்தோம். நான் எண்ணுவேன், நீ பேசுவாய். அதுதான் ஏற்பாடு. உன்னுடைய பேச்சின்மேல் எனக்கு அன்றைக்கும் பொறுமை கிடையாது.

தறிக்காரர் தெருவில் நடந்தது நினைவிருக்கும். ஒன்பது நாளைக்கு ஒருமுறை குடிதண்ணீர் வருகிற தெரு. வீட்டுக்கு மூன்று டிரம், நான்கு டிரம். நான் துண்டறிக்கையில் இருந்ததை அப்படியே படித்தேன்: தண்ணீரைக் கொட்டுங்கள், டிரம்மை வெயிலில் காயவையுங்கள். தறியை நிறுத்திவிட்டு ஒரு பெண் வெளியே வந்தார்.

"கொட்டீறலாமுங்க. அடுத்த தண்ணி வர ஒம்போது நாளாகும். அதுமுட்டும் நீங்க வந்து கொடந் தூக்கிக் குடுப்பீங்களா?"

தெருவே சிரித்தது. நான் துண்டறிக்கையைத் திருப்பிப் பார்த்தபோது நீ அவருடைய டிரம்மிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீரை மொண்டு அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாய்.

"ஏனுங்க்கா, ஊட்ல எத்தன பேருங்க?"

"அஞ்சு பேருங்க."

"ரேஷன் கார்டுல அஞ்சுதானுங்களா? இங்க பாருங்க, இன்னும் அறுவது பேரு குடியிருக்கறாங்க. ஒருத்தராச்சும் வாடக குடுக்கறாங்களா?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு உள்ளே போய்ப் பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். தண்ணீரை வேறொரு டிரம்முக்கு வடிகட்டி, காலி டிரம்மின் உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் காட்டினாய். வெறுமனே வடிகட்டினால் புழுதான் போகும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபடியே மாதக்கணக்கில் காத்திருக்கும் என்று சொன்னாய். சொட்டுத் தண்ணீர் வீணாகவில்லை. அந்த ஒரு வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. நான் கடிகாரத்தைக் காட்டினேன்.

"ஆகட்டும்டா மாப்ள. நோட்டீஸ் குடுத்தா பயப்படுவாங்க. பயந்தா கதவச் சாத்திக்குவாங்க. சாத்துன ஊட்ல நீ என்னத்த எண்ணுவ?"

அடுத்த மாதம் அந்தத் தெருவில் இரண்டு வீட்டில் மட்டும்தான் புழு இருந்தது. நீ சொன்னது சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அந்தத் தெருவில் சரி. தண்ணீருக்கு வழியில்லாதவர்களிடம் பேச வேண்டிய பேச்சை, எல்லா வழியும் இருந்தும் செய்ய மனமில்லாத ஒரு ஆளிடம் போய்ப் பேசினாய். அங்கேதான் நீ தோற்றாய். நானும் கூட நின்று தோற்றேன்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் யார்டுக்குப் போனோம். உனக்கு அது பக்கத்து வேலை. யார்டுக்குப் பின்தெருவில்தான் அம்மாவோடு வாடகைக்கு இருந்தாய். கேட்டில் வாழைமரம், வாசலில் உடைத்த பூசணி. யார்டு முழுவதையும் பைப் போட்டுக் கழுவியிருந்தார்கள். டயர்களையும்தான். ஒவ்வொரு அடுக்கின் உச்சியிலும் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்தி. அவ்வளவு சுத்தமான யார்டை நான் பார்த்ததில்லை. டார்ச்சை உள்ளே அடித்தேன். ஒவ்வொரு டயரின் வயிற்றிலும் கழுவிய தண்ணீர் தேங்கி மின்னியது. போன மழையில் இட்டுக் காய்ந்துபோன முட்டைக்கு அதைவிட நல்ல நாள் வாய்க்காது.

"வாங்க சாமி, வாங்க. பொரி எடுத்துக்குங்க," என்றார் முதலாளி.

"உள்ள தண்ணி நிக்குதுங்க," என்றேன்.

"கழுவுனா தண்ணி இருக்காதுங்களா தம்பி? சுத்தம் பண்ணுனதுக்கும் குத்தமா?"

"கவுத்து அடுக்கச் சொல்லுங்க."

"பூஜை போட்ட டயருங்க. மொதப் போணி ஆகறமுட்டும் அசைக்க மாட்டமுங்க. எங்கப்பங் காலத்துல இருந்து வழக்கம். தீவாளிக்கு முன்னால வண்டிக்காரங்க வந்துருவாங்க, அப்பறம் தானா நகந்துரும்."

தீபாவளிக்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம் இருந்தது. கொசுவுக்கு எட்டு நாள் போதும். நான் பையிலிருந்து நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாய். கை நிறையப் பொரியை வாங்கிக்கொண்டு, "அண்ணா, சாமி காரியத்துல நாங்க குறுக்க வல்லீங்க. ஒரு வாரம் கழிச்சு வாரோம், நீங்களே நின்னு கவுத்திக் குடுங்க," என்றாய். அவர் உன் தோளில் தட்டினார். "தம்பி வெவரம்," என்றார்.

ஒரு வாரம் கழித்துப் போனோம். கேட் பூட்டியிருந்தது. பழனிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். நீ போன் போட்டாய். ஸ்பீக்கரில் கேட்டேன்: "கார்டு காலியா இருந்தா ஆபீசர் வந்து கேப்பாங்க தம்பி. போட்டு உட்ருங்க. வந்ததும் மொத வேலையா நானே செஞ்சர்றனுங்க." கேட்டில் தொங்கிய ஆய்வுக் கார்டில் தேதி போட்டு, 'புழு இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டாய். உள்ளே போகாமலே. 'பூட்டியிருந்தது' என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதை நான் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"மனுசன் சொன்னாச் செய்வாருடா. ஒருத்தன நம்பி ஒரு எடம் உடோணும். அப்பத்தான் அடுத்த தடவ கேட்டத் தொறப்பான்."

அந்த வாரம் மேற்பார்வை என் முறை. அந்தக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். வெயில், பசி, இன்னும் பாக்கி நாற்பது வீடு. இதில் எதுவும் காரணமாகாது என்று எனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் உனக்குக் காய்ச்சல். பின்தெருவில் இன்னும் நான்கு வீட்டிலும். ஐந்தாம் நாள் காலை வேலைக்கு வந்து நின்றாய். "காச்சல் உட்ருச்சு மாப்ள," என்றாய். டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து என்று ஆயிரம் வாசலில் சொன்னவன் நீ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கைதட்டிச் சொல்லவைத்தவன். மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உன் கை சில்லிட்டிருந்தது. மறுநாள் பகல் பதினொன்றரைக்கு முடிந்தது.

எந்த டயரில் பிறந்த கொசு உன்னைக் கடித்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. படித்த படிப்பு அவ்வளவுதான் சொல்ல விடுகிறது. ஆனால் எனக்குத் தெரியும்.

நீ போன பிறகுதான் எல்லாரும் சுறுசுறுப்பானார்கள். மூன்று நாள் தெருத்தெருவாகப் புகை அடித்தோம். இன்றைக்கும் அந்த டீசல் புகை நாற்றம் வந்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பறக்கிற கொசுவை ஒரு மணி நேரம் தொந்தரவு செய்யும், அவ்வளவே. டயருக்குள் இருப்பதை அது தொடாது. முதலாளி மாஸ்க் போட்டுக்கொண்டு புகை மெஷினைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் புகைக்குள்ளே நின்றுதான் முடிவு செய்தேன், இந்த ஆளை விடுவதில்லை என்று. பிறகு ஒரு வருடம் ஒன்றும் செய்யவில்லை. வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டேன். போன வாரம் மறுபடி இங்கே போட்டார்கள்.

இன்று காலை தட்டோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"இந்தப் பேனர் யாருதுங்க?"

"அட, நம்ம தம்பிதுங்க. குப்பையில போட மனசு வருமுங்களா? அதான் மேலாப்புல போத்தி வெச்சன்."

"அதுல இருநூத்துப் பதினாறு புழு இருக்குதுங்க. கீழ டயர்ல எவ்வளவுன்னு இன்னும் எண்ணல. நோட்டீஸ் வருது."

அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் லேமினேட் செய்த ஒரு அட்டையைக் கொண்டுவந்தார். போன வருடத்து ஆய்வுக் கார்டு. பத்திரமாக வைத்திருக்கிறார்.

"இது உங்க கையெழுத்துத்தானுங்களே? மேல தம்பி கையெழுத்து. புழு இல்லைன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? நோட்டீஸ் குடுங்க, வேண்டாங்கல. நானும் இதக் கொண்டுபோய் ஆபீசர்கிட்டக் காட்றன். பொய் எழுதுனது யாருன்னு கேப்பாங்கல்ல? செத்தவம் பேரக் கெடுக்கோணுமா சாமி? அவங்கம்மா தாங்குமா?"

நிதானமாகத்தான் கேட்டார். டீ சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார்.

உன் அம்மா தாங்கமாட்டார். அது முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மா உன்னுடைய அடையாள அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறார். போனால் காபி கொடுத்துவிட்டு ஒரே பேச்சுத்தான்: "எம்பையன் ஒரு ஊடு உடாம ஏறி எறங்குனானுங்க சாமி. ஒரு எழுத்துப் பொய்யா எழுதிருக்க மாட்டான்." நான் ஒவ்வொரு முறையும் ஆமாங்க என்று சொல்லிவிட்டு வருவேன். இந்த ஒரு வருடம் அந்த ஆள் தப்பித்தது அந்த ஆமாங்கவால்தான். உன் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவருடைய கேட்டைக் காவல் காத்திருக்கிறேன்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. செத்தவனிடம் காட்டக்கூடாது என்பார்கள். வேறு யாரிடம் காட்டுவது? நீ 'பூட்டியிருந்தது' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அன்றைக்கே நோட்டீஸ். மறுநாளே பூட்டை உடைத்திருப்போம். நீ ஒரு ஆளின் முகம் வாடக்கூடாது என்று பார்த்தாய். நான் உன் முகம் வாடக்கூடாது என்று பார்த்தேன். பின்தெருக்காரர்களின் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

மணி பதினொன்று ஐந்து. செய்யப்போவதை எழுதிவைக்கிறேன், எழுதினால்தான் பின்வாங்க மாட்டேன்.

1. மத்தியானம் ஒரு மணிக்குள் நோட்டீஸ். கெடு இருபத்துநான்கு மணி நேரம். பூஜை, போணி, பழனி எதுவும் கேட்கப்பட மாட்டாது. ஆனால் கெடு முடியும்வரை பேனர்த் தண்ணீர் காத்திருக்காது. அதைக் காலையிலேயே மண்ணில் கொட்டி மிதித்துவிட்டேன்.

2. தனியாக ஒரு அறிக்கை. போன வருடத்துக் கார்டில் அந்தத் தேதியில் உள்ள பதிவு பொய். கேட் பூட்டியிருந்தது, நாங்கள் உள்ளே போகவில்லை, எழுதச் சொல்லிப் போனில் கேட்டவர் யார்டு உரிமையாளர். மேற்பார்வையாளனாகக் கையெழுத்திட்டவன் நான். என் பெயர் முதலில் வரும், உன் பெயர் அடுத்து. உன் பெயரை விட்டுவிட முடியுமா என்று, எழுத உட்காருவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் யோசித்தேன். முடியாது.

3. வரிசை தப்பிவிட்டது, இதுதான் முதல் வேலை. அறிக்கையைக் கொடுப்பதற்கு முன்னால் உன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நானே சொல்வேன். அந்த ஆள் வாயால் அம்மா கேட்கக்கூடாது. திட்டினால் நின்று கேட்பேன். இனி வராதே என்றால் வர மாட்டேன்.

4. நாளை கெடு முடிந்ததும், காய்ச்சல் கண்ட அந்த நான்கு வீட்டுப் பெண்களையும், வருகிற மற்றவர்களையும் யார்டுக்குள் கூட்டிப்போவேன். ஆளுக்கொரு டார்ச். டயருக்குள் அடித்துப் பார்க்கட்டும். துண்டறிக்கை படிக்க மாட்டேன். அவர்கள் பார்த்த பிறகு நான் பேசவேண்டிய அவசியம் இருக்காது, அவர் பேசவேண்டியிருக்கும்.

5. விசாரணை வந்தால் போவேன். வேலை போனால் போகட்டும்.

6. ஏழு நாளைக்கு ஒருமுறை அந்த யார்டுக்குப் போவேன். எட்டாம் நாள் கொசு பறக்கும், ஆகவே ஏழாம் நாள். வேலையில் இருந்தால் சீருடையில். இல்லாவிட்டால் கேட்டுக்கு வெளியே, தெருக்காரர்களோடு. மழை, வெயில், அவர் வீட்டுக் கல்யாணம், எதுவானாலும். உன்னைப் பார்த்தால் அவருக்குத் தோளில் தட்டத் தோன்றியது. என்னைப் பார்த்தால் எழுந்து போய் டயரைக் கவிழ்க்கத் தோன்ற வேண்டும்.